டாட் கேசட்டைக் கணினிக்கு ஏற்றும்போது நாலு விநாடிக்கு ஒரு 'டிக்': கேபிளா, யுஎஸ்பியா?

கெடிலக்கரை · ஞாயிறு இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். என் பெரியப்பா 90-களில் கோயில் விசேஷம், கல்யாண வீடு என்று ரெக்கார்டிங் போய்க்கொண்டிருந்தவர். பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் திருவிழாவில் அவர் எடுத்த நாயனக் கச்சேரிகள் பதினொரு டாட் (டிஜிட்டல் ஆடியோ டேப்) கேசட்டில் கிடக்கின்றன. சீட்டுக்கட்டைவிடச் சின்னதாக இருக்குமே, அந்தக் கேசட். டெக் இன்னும் ஓடுகிறது. அது நின்றுபோவதற்குள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் ஓட்டம்.

டெக்கின் டிஜிட்டல் அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) எஸ்பிடிஐஎஃப் இன்னுக்கு (டிஜிட்டல் ஒலி நுழையும் ஓட்டை) ஒரு ஆர்சிஏ ஒயர். அங்கிருந்து யுஎஸ்பி வழியாக லேப்டாப். டேப்பும் 48,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 ஒலி அளவீடு, அதாவது சாம்பிள்), இன்டர்ஃபேஸிலும் 48,000தான் வைத்திருக்கிறேன். ஆனால் நாலு விநாடிக்கு ஒருமுறை 'டிக்' என்று ஒரு சத்தம் பதிவாகிறது.

யுஎஸ்பி கேபிள் மாற்றினேன். போர்ட் மாற்றினேன். பஃபரை (கணினி ஒலியைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடம்) 128-லிருந்து 1024-க்கு ஏற்றினேன். வைஃபையை அணைத்தேன். ஒரு கடையில் "யுஎஸ்பி 3 கேபிள் வாங்குங்க, இது ஸ்பீடு பத்தலை" என்று சொல்லி ஒன்றைத் தலையில் கட்டினார்கள். என் இன்டர்ஃபேஸே யுஎஸ்பி 2தான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 48,000 × 16 பிட் × 2 சேனல் = விநாடிக்கு 15 லட்சத்து 36 ஆயிரம் பிட். யுஎஸ்பி 2 கொண்டுபோவது 48 கோடி பிட். ஏரி மதகில் ஒரு சொம்புத் தண்ணீர் போகத் திணறுமா? எங்கே தப்பு?

தேவனாம்பட்டினம் · ஞாயிறு இரவு 9:40

கேபிள்தான் தம்பி. நான் இருப்பது கடற்கரையை ஒட்டி. உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் ஜாக்கெல்லாம் பச்சை பூத்துவிடும். தங்க முலாம் பூசின நல்ல கேபிளாக, ஃபெரைட் உருளை வைத்ததாக வாங்கிப் போடு. என் செட்டில் யுஎஸ்பி கேபிளை மாற்றியதும் வீணைத் தந்தி தனியாகப் பிரிந்து கேட்டது. காதால் கேட்டதைச் சொல்கிறேன்.

அரியாங்குப்பம்_மேம்பாலம் · ஞாயிறு இரவு 10:25

கெடிலக்கரை, எதையும் வாங்காதீர்கள். முதலில் மூன்று கேள்வி.

டிக் சீராக வருகிறதா, கண்டபடி வருகிறதா? ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு இருபது டிக்கை எண்ணுங்கள்.

கச்சேரி தொடங்குமுன் இருக்கும் அமைதியில் கேட்கிறதா? நாயனம் நீளமாக ஒரே ஸ்வரத்தில் நிற்கும்போது எப்படி? தவில் தனி ஆவர்த்தனத்தில்?

காலையிலும் நடுமத்தியானத்திலும் இடைவெளி ஒன்றாகவே இருக்கிறதா?

கெடிலக்கரை · திங்கள் மாலை 6:55

அண்ணே, எண்ணிவிட்டேன். அச்சு அசல் கடிகாரம் மாதிரி வருகிறது. காலை ஏழு மணிக்கு 4 விநாடி. மத்தியானம் இரண்டு மணிக்கு, டெக் சூடேறிய பிறகு, 5-க்குக் கிட்டே.

அமைதியில் சுத்தமாகக் கேட்கவில்லை. ஆலாபனையில் நீண்ட கார்வை வரும்போது ஊசி குத்துகிற மாதிரி கேட்கிறது. தனி ஆவர்த்தனத்தில் தெரியவே இல்லை. அல்லது தவிலோடு தவிலாகப் போய்விடுகிறது.

மூன்றாவது கேள்வியை எப்படிக் கேட்டீர்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அரியாங்குப்பம்_மேம்பாலம் · திங்கள் இரவு 8:30

அப்படியானால் கண்டுபிடித்தாயிற்று. உங்கள் மேசையில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது.

டெக்குக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அது தன் கணக்குக்கு விநாடிக்கு 48,000 சாம்பிளை வெளியே தள்ளுகிறது. இன்டர்ஃபேஸுக்குள் இன்னொரு படிகம். அதுவும் தன் கணக்குக்கு 48,000 எடுக்கிறது. இரண்டு படிகமும் ஒரே விநாடியைச் சொல்லாது. ஒன்று பத்து லட்சத்தில் ஐந்து பங்கு வேகமாக ஓடினால் போதும். 48,000 × 4 = 1,92,000 சாம்பிளுக்கு ஒரு சாம்பிள் மிச்சமாகும், அல்லது குறையும். மிச்சமானால் இன்டர்ஃபேஸ் அதைத் தூக்கிப் போடும். குறைந்தால் முந்தைய சாம்பிளையே இன்னொருமுறை எழுதும். அந்த ஒட்டுதான் உங்கள் டிக்.

அமைதியில் ஏன் கேட்கவில்லை? பூஜ்யங்களின் வரிசையில் ஒரு பூஜ்யம் போனால் யாருக்குத் தெரியும். கார்வை என்பது வழவழவென்று ஓடும் அலை. அதில் ஒரு சாம்பிள் அளவு தாண்டினால் காது பிடித்துவிடும். சூட்டில் இடைவெளி ஏன் மாறுகிறது? வெப்பத்துக்குப் படிகத்தின் அதிர்வு நகரும். அதனால்தான் மத்தியானத்தைக் கேட்டேன். பஃபர் போதாமல் வரும் டிக் இவ்வளவு ஒழுங்காக வராது. கணினி வேறு வேலையில் இருக்கும்போது கண்டபடி வெடிக்கும்.

இன்டர்ஃபேஸின் கண்ட்ரோல் பேனலில் 'க்ளாக் சோர்ஸ்' என்று ஒன்று இருக்கும். அது 'இன்டர்னல்' என்று இருக்கிறது, பந்தயம் கட்டுகிறேன். 'எஸ்பிடிஐஎஃப்' அல்லது 'எக்ஸ்டெர்னல்' என்று மாற்றுங்கள். உங்கள் ஆர்சிஏ ஒயரில் சாம்பிள் மட்டும் வரவில்லை, தாளமும் சேர்ந்தே வருகிறது. ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் மின்னழுத்தம் ஒருமுறை கட்டாயம் புரளும். பிட் ஒன்று என்றால் நடுவிலும் இன்னொரு தடவை புரளும். அந்தப் புரளலைப் பிடித்துக்கொண்டே இன்டர்ஃபேஸ் தன் கடிகாரத்தை ஓட்டிக்கொள்ள முடியும். வித்வான் போடும் தாளத்தைப் பார்த்து வாசிக்காமல், பக்கத்தில் மெட்ரோனோம் வைத்துக்கொண்டு வாசிக்கிற தவில்காரர் மாதிரி இருக்கிறது இப்போதைய நிலைமை.

தேவனாம்பட்டினம் · திங்கள் இரவு 9:05

கணக்கெல்லாம் அழகாக இருக்கிறது சார். ஆனால் கேபிளில் ஒன்றுமே இல்லை என்று நீங்கள் சொல்வதை ஏற்க முடியாது. பிட் வழியில் கெட்டுப்போனால்?

நெல்லித்தோப்பு_பழையவன் · திங்கள் இரவு 11:18

இருபத்தெட்டு வருஷமாக பாண்டியில் சவுண்டு வேலை பார்ப்பவன். இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே இரண்டு பேருமே பாதி சரி.

யுஎஸ்பியில் சரக்கு போக நாலு வழி உண்டு. பென்டிரைவுக்குக் கோப்பு போவது 'பல்க்'. லாரி சரக்கு மாதிரி. ஒரு மூட்டை கிழிந்தால் திருப்பி அனுப்பி வேறு மூட்டை வரவழைப்பார்கள். எப்போது வந்து சேரும் என்று உத்தரவாதமில்லை, வந்தால் முழுசாக வரும். மவுஸ், கீபோர்டுக்கு 'இன்டெரப்ட்'. சாதனத்தைச் செருகியதும் 'நீ யார், உனக்கு என்ன தெரியும்' என்று விசாரிக்க 'கண்ட்ரோல்'. நாலாவது 'ஐசோக்ரோனஸ்'. ஆடியோ இன்டர்ஃபேஸ் பெரும்பாலும் இதில்தான் போகும்.

இது பாண்டி–கடலூர் டவுன் பஸ். நேரத்துக்குக் கிளம்பும், நீ ஏறினாயா இல்லையா என்று பார்க்காது. யுஎஸ்பி 2-ல் 125 மைக்ரோவிநாடிக்கு ஒரு பஸ். 48,000 ஹெர்ட்ஸ் என்றால் பஸ்ஸுக்கு 6 சாம்பிள், ஸ்டீரியோ 16 பிட்டில் வெறும் 24 பைட். முள்ளோடைச் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்க்கிற மாதிரி சரக்கைச் சரிபார்க்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் உள்ளே பாட்டில் உடைந்திருப்பது தெரிந்தாலும் திரும்பிப் போய் வேறு எடுத்து வா என்று சொல்ல நேரமில்லை. அடுத்த பஸ் பின்னாலேயே வந்து நிற்கிறது. உடைந்தது உடைந்ததுதான்.

ஆகையால் தேவனாம்பட்டினம் சார், மோசமான கேபிளால் சத்தம் கெடும் என்பது உண்மை. பென்டிரைவில் தெரியாத கோளாறு ஆடியோவில் வெடிப்பாகக் கேட்கும். ஆனால் அது வெடிக்கும், தாறுமாறாக வெடிக்கும். வீணைத் தந்தியைப் பிரித்துக் காட்டாது. பிட் சரியாக வந்தால் நூறு ரூபாய் கேபிளிலும் பத்தாயிரம் ரூபாய் கேபிளிலும் வருவது அதே எண்தான். உப்புக்காற்றில் ஜாக் பச்சை பூக்கும் என்றீர்களே, அது நூற்றுக்கு நூறு சரி, சுத்தம் செய்துவிடுங்கள். யுஎஸ்பி 2 கேபிள் 5 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பதும் சரி. பந்தல் விசேஷங்களில் 10 மீட்டர் ஒயரை இழுத்துவிட்டு என்னிடம் வந்து அழுதவர்கள் நிறைய.

இன்னொன்று. லேப்டாப் சார்ஜர் செருகியதும் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வருமே, அது கேபிளின் உலோகம் வழியாக எர்த் சுற்றி வருவது. அது அனலாக் பக்கத்தில்தான் ஏறும், பிட்டுக்குள் நுழைய முடியாது. அதற்குப் பயந்தால் ஆப்டிகல் போடுங்கள். தோஷிபா 1983-ல் கொண்டுவந்த டாஸ்லிங்க். வெளிச்சம் மட்டுமே போவதால் இரண்டு பெட்டிக்கும் நடுவே மின் தொடர்பே கிடையாது. ஆனால் கெடிலக்கரையின் நோய்க்கு அதுவும் மருந்தில்லை. ஆப்டிகல் போட்டாலும் கடிகாரம் இரண்டுதான்.

சோலைநகர்_மாடி · செவ்வாய் காலை 7:20

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஹெச்டிஎம்ஐ பற்றியும் இதே சந்தேகம் உண்டு. படம் அவ்வளவு பெரிசு, அதோடு எட்டு சேனல் ஒலியும் ஒரே ஒயரில் எப்படிப் போகிறது? ஒலிக்குத் தனிக் கம்பி இருக்கிறதா?

அரியாங்குப்பம்_மேம்பாலம் · செவ்வாய் காலை 9:02

தனிக் கம்பி இல்லை. 1080 படம் திரையில் 1920 × 1080 புள்ளி. ஆனால் ஒயரில் ஓடுவது 2200 × 1125. மிச்சம் இருப்பது வெற்றிடம். பழைய குழாய் டிவியில் எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரியின் ஆரம்பத்துக்குத் திரும்பிப் போக நேரம் வேண்டும், அந்த இடைவெளி அப்படியே வழிவழியாக வந்துவிட்டது. குழாய் டிவி போயும் இடைவெளி போகவில்லை. ஹெச்டிஎம்ஐ அந்தக் காலி இடத்தில் ஒலிப் பொட்டலங்களைச் செருகி அனுப்புகிறது. தாத்தா கட்டின வீட்டின் திண்ணையில் பேரன் கடை வைத்த மாதிரி.

கடிகாரப் பஞ்சாயத்து அங்கேயும் உண்டு. ஒயரில் ஓடுவது படத்தின் கடிகாரம் மட்டும்தான். ஒலிக்கான வேகத்தை அதிலிருந்து பெருக்கி வகுத்துக் கண்டுபிடித்துக்கொள் என்று இரண்டு எண்களைச் சேர்த்து அனுப்புவார்கள்.

சோலைநகர்_மாடி · செவ்வாய் காலை 9:15

அப்படியென்றால் டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு ஏஆர்சி (அதே ஹெச்டிஎம்ஐ ஒயரில் ஒலி திரும்பி வரும் பாதை) வழியாக வரும்போது மட்டும் ஏன் 5.1-க்கு (ஆறு சேனல்) மேல் வரமாட்டேன் என்கிறது?

அரியாங்குப்பம்_மேம்பாலம் · செவ்வாய் காலை 9:31

அது எதிர்த்திசை. 2009-ல் ஹெச்டிஎம்ஐ 1.4-ல் சேர்த்தது. அங்கே வருவது கிட்டத்தட்ட எஸ்பிடிஐஎஃப்தான், ஆகவே சுருக்காத ஸ்டீரியோ, இல்லையென்றால் பெரும்பாலும் சுருக்கிய 5.1. முழுசாக வேண்டுமானால் இரண்டு பக்கமும் அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி இருக்க வேண்டும், அது 2.1-ல் வந்தது. இழையைக் கெடுக்க வேண்டாம், மேற்கொண்டு தனி இழை போடுங்கள்.

ஓடி_கீபோர்டு · செவ்வாய் மதியம் 1:44

கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரம்) சர்ச் பாடற்குழுவுக்கு கீபோர்டு வாசிக்கிறேன். நானும் குறுக்கே ஒன்று கேட்டுவிடுகிறேன். என் கீபோர்டின் யுஎஸ்பியை லேப்டாப்பில் செருகினால் சத்தமே பதிவாகவில்லை. அதற்கும் இந்த க்ளாக் கதைதானா?

நெல்லித்தோப்பு_பழையவன் · செவ்வாய் மதியம் 2:10

இல்லை தம்பி. அதில் போவது பெரும்பாலும் மிடி, சத்தமே இல்லை. எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்தி அடித்தாய் என்ற குறிப்பு மட்டும். 1983-ல் வந்தபோது விநாடிக்கு 31,250 பிட், ஐந்து முள் ஜாக். ஒரு ஸ்வரத்துக்கு மூன்று பைட், கிட்டத்தட்ட ஒரு மில்லிவிநாடி. ஸ்வரம் எழுதின நோட்டைக் கொடுத்துவிட்டு பாட்டு கேட்கவில்லையே என்றால் எப்படி? லேப்டாப்பில் ஒரு மெய்நிகர் வாத்தியத்தைத் திற, வாசிக்கும். உன் கீபோர்டின் சொந்தக் குரலே வேண்டுமானால் ஹெட்போன் ஜாக்கிலிருந்து ஒயர் எடு.

கெடிலக்கரை · செவ்வாய் இரவு 10:03

மாற்றினேன். 'இன்டர்னல்' என்றுதான் இருந்தது, பந்தயத்தில் ஜெயித்தது நீங்கள். இப்போது அரை மணி நேரம் ஏற்றிப் பார்த்தேன், டிக் இல்லை.

ஆனால் புதுக் கூத்து ஒன்று. பெரியப்பாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "இது ரெண்டரைக் கட்டை நாயனம்டா. ஏன் இப்படித் தொய்ஞ்சு கிடக்கு? வாசிச்சவர் இருந்தா உன்னை அடிப்பார்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டார். எனக்கு வித்தியாசம் தெரியவே இல்லை.

அரியாங்குப்பம்_மேம்பாலம் · செவ்வாய் இரவு 10:20

பெரியப்பாவின் காதுக்கு ஒரு கும்பிடு. ரெக்கார்டிங் மென்பொருளில் புது ப்ராஜெக்ட் திறந்தீர்கள் அல்லவா? அது 44,100 என்று திறந்திருக்கும். வந்தது விநாடிக்கு 48,000 சாம்பிள், கோப்பின் தலையில் எழுதியிருப்பது 44,100. திருப்பிப் போடும்போது மெதுவாக ஓடும், சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைஸ்வரம் இறங்கும். இரண்டரைக் கட்டை போய் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே நிற்கும். சாம்பிள் எதுவும் கெடவில்லை, கோப்பின் தலையில் எண்ணை மட்டும் 48,000 என்று திருத்தினால் போதும். 'கன்வெர்ட்' மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அது வேறு வேலை.

புதுப்பாளையம்_ராத்திரி · செவ்வாய் இரவு 10:48

இந்த 44,100 என்ற கிறுக்கு எண் எங்கிருந்துதான் வந்தது? 40 என்றோ 50 என்றோ முழுசாக வைத்திருக்கக் கூடாதா?

நெல்லித்தோப்பு_பழையவன் · செவ்வாய் இரவு 11:25

வீடியோ டேப்பிலிருந்து வந்தது. சிடி பிறப்பதற்கு முன் டிஜிட்டல் ஒலியை எழுத அவ்வளவு இடம் இருந்த ஒரே பொருள் வீடியோ டேப்தான். ஒலியைக் கறுப்பு வெள்ளைப் புள்ளியாக மாற்றிப் படம் மாதிரி பதிந்தார்கள். வரிக்கு 3 சாம்பிள். அமெரிக்க முறையில் 245 வரி, விநாடிக்கு 60 புலம் (ஃபீல்டு, அதாவது பாதிப் படம்). பெருக்கிப் பார். ஐரோப்பிய முறையில் 294 வரி, 50 புலம். அதையும் பெருக்கிப் பார். இரண்டிலும் ஒரே எண்ணில் முடியும். அந்த எண் சிடிக்குப் போய், எம்பி3-க்குப் போய், இன்றைக்கு நம்ம கெடிலக்கரை பெரியப்பாவிடம் திட்டு வாங்கும் வரை வந்து நிற்கிறது.

யுஎஸ்பிக்கும் இந்த எண் ஒரு தலைவலிதான். 1996-ல் முதல் யுஎஸ்பி வந்தபோது மில்லிவிநாடிக்கு ஒரு பஸ். 44,100-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 44.1. சாம்பிளைக் கால், அரையாக வெட்ட முடியாதே. ஒன்பது பஸ்ஸில் 44, பத்தாவது பஸ்ஸில் 45 என்று ஏற்றி அனுப்பினார்கள். இன்டெலில் யுஎஸ்பியை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் அஜய் பட், பரோடாவில் படித்தவர். பிரிண்டர், மவுஸ், மோடம் என்று ஆளுக்கொரு ஓட்டை இருந்ததை ஒரே ஓட்டையாக்கினார்கள். அந்தப் பிளக்கை மூன்று தடவை திருப்பித் திருப்பிச் செருக வைத்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தேவனாம்பட்டினம் · புதன் காலை 6:50

சரி, தோற்றுவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்வி. லேப்டாப்பிலிருந்து என் டிஏசிக்கு (எண்ணைச் சத்தமாக மாற்றும் பெட்டி) பாட்டு போகும்போதும் இரண்டு கடிகாரம்தானே? அங்கே ஏன் நாலு விநாடிக்கு ஒரு டிக் வரவில்லை?

அரியாங்குப்பம்_மேம்பாலம் · புதன் காலை 8:15

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான் சார்.

உங்கள் டிஏசி 'அசின்க்ரோனஸ்' வகை என்றால், டிஏசிதான் முதலாளி. தன் படிகத்தின்படி வாசித்துக்கொண்டே கணினிக்குத் திரும்பச் சீட்டு அனுப்பும்: 'எனக்கு பஸ்ஸுக்கு 6 போதவில்லை, சராசரி 6.0001 வேண்டும்'. கணினி அவ்வப்போது ஒரு சாம்பிளைக் கூட்டியோ குறைத்தோ ஏற்றி அனுப்பும். கணினியில் இருப்பது கோப்பு, அதற்கு அவசரமில்லை. கேட்டால் கேட்டபடி தரும். ஓடுகிற டேப்பிடம் 'கொஞ்சம் மெல்ல' என்று சொல்ல முடியாது. எஸ்பிடிஐஎஃப் ஒருவழிப் பாதை, திரும்பிப் பேச அதில் கம்பியே கிடையாது. ஆகையால் அங்கே கேட்கிறவன்தான் சொல்கிறவனுக்கு இணங்கிப் போக வேண்டும்.

நீங்கள் கேபிள் மாற்றியபோது சத்தம் மாறியது என்றீர்களே, கூடவே கணினியின் டிரைவர் மென்பொருளையும் மாற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

தேவனாம்பட்டினம் · புதன் காலை 8:22

...மாற்றினேன்.

புதுப்பாளையம்_ராத்திரி · புதன் இரவு 9:30

டாட் கேசட்டில் காப்பி எடுக்க விடாமல் ஏதோ பூட்டு உண்டு என்பார்களே, அது இவருக்குக் குறுக்கே வரவில்லையா?

நெல்லித்தோப்பு_பழையவன் · புதன் இரவு 10:12

உண்டு, எஸ்சிஎம்எஸ். எஸ்பிடிஐஎஃப்பில் ஒரு சாம்பிளுக்கு 32 பிட் இடம். ஒலிக்கு 24 வரை எடுத்துக்கொள்ளலாம், நாலு பிட் 'இங்கே தொடங்குகிறது' என்ற அடையாளத்துக்கு, மிச்ச நாலு பிட் இதர விஷயத்துக்கு. அந்த நாலில் ஒன்றை 192 தடவை சேர்த்துக் கோத்தால் ஒரு சின்னக் கடிதமாகும். என்ன வேகம், எந்த மாதிரிக் கருவி, காப்பி எடுக்கலாமா என்று அதில் எழுதியிருக்கும். 48,000 வேகத்தில் 4 மில்லிவிநாடிக்கு ஒரு கடிதம். அதில் 'கூடாது' என்றிருந்தால், இன்னொரு டாட் டெக் அதைப் படித்துவிட்டுப் பதிய மறுக்கும். கணினி இன்டர்ஃபேஸ்கள் பெரும்பாலும் அந்த வரியைக் கண்டுகொள்வதில்லை. நம்ம ஆள் ஏற்றுவது சொந்தப் பெரியப்பாவின் பதிவு, அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

கெடிலக்கரை · சனி இரவு 11:40

நாலு கேசட் முடிந்தது. 48,000-க்கு மாற்றியதும் பெரியப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார், ஒன்றும் சொல்லவில்லை. கடைசிவரை கேட்டார்.

இரண்டாவது கேசட்டில் 23-வது நிமிஷத்தில் ஒரு 'டப்' வந்தது. மறுபடி க்ளாக்கோ என்று பயந்து அதே கேசட்டை இரண்டாம் முறை ஏற்றினேன். இரண்டு கோப்பையும் சாம்பிளுக்குச் சாம்பிள் நேராக வைத்து, ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டிப் பார்த்தேன். முழுக்கப் பூஜ்யம், கோடு அசையவே இல்லை. அந்த 23-வது நிமிஷ இடத்திலும் பூஜ்யம்தான். அப்படியென்றால் அது டேப்பிலேயே இருக்கிறது.

பெரியப்பாவிடம் கேட்டேன். "அன்னிக்கு மைக் ஸ்டாண்டைத் தேர் வடம் தட்டிச்சு" என்றார்.

இன்னும் ஏழு கேசட்.